ஷிஃப்ட் மாறும் வீட்டில் பெரியவரை யார் பார்ப்பது?

முதியவருக்கு மாத்திரை நேரம் மாறுவதில்லை. மருமகளின் ஷிஃப்ட் மட்டும் வாரத்துக்கு வாரம் மாறுகிறது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரை, சுங்குவார்சத்திரத்திலிருந்து வல்லம் வடகால் வரை, படுத்த படுக்கையாகிவிட்ட ஒரு பெரியவரை வைத்துக்கொண்டிருக்கும் குடும்பங்களுக்குப் பணத்துக்கும் பாசத்துக்கும் முன்னால் வந்து நிற்பது கம்பெனி பஸ்ஸின் நேரம். 'ஏ' ஷிஃப்ட் வாரத்தில் விடிவதற்குள் வீடு காலியாகிவிடும். 'பி' ஷிஃப்ட் என்றால் மதியம் போனவர் நள்ளிரவை ஒட்டித்தான் திரும்புவார். 'சி' ஷிஃப்டில் பகலில் ஆள் வீட்டில் இருப்பார்; ஆனால் அவர் தூங்கியாக வேண்டும். கணவனுக்கு ஒரு கம்பெனி, மனைவிக்கு இன்னொரு கம்பெனி என்றால் இரண்டு பேருடைய ஷிஃப்டையும் காலண்டரில் குறித்து, இருவரும் சேர்ந்தாற்போல் வெளியே இருக்கும் மணிகளுக்கு மட்டும் ஓர் ஆள் பிடிக்க வேண்டும். ஆள் அனுப்பும் ஏஜென்சியில் கேட்டால் பகலா, ராத்திரியா, இருபத்து நாலு மணி நேரமா என்பார்கள். இந்த வாரம் காலையில், அடுத்த வாரம் சாயங்காலம் என்றால், அப்படி ஓர் ஆள் அவர்களிடம் இல்லை.

'அவங்க வீட்டு விஷயம்' என்று அக்கம்பக்கத்தார் முடித்துக்கொள்கிறார்கள். 'சொந்தக் காரணம்' என்று லீவு படிவம் முடித்துக்கொள்கிறது. என் பார்வை வேறு. இந்தத் தொழில் வழித்தடத்தில் முதியோரை வீட்டில் வைத்துப் பார்ப்பது, சாலை, தண்ணீர், மின்சாரம், தொழிலாளர் விடுதி என்ற வரிசையில் சேர வேண்டிய ஏற்பாடு. அது இல்லாமல் ஆலைகளுக்கு ஆள் ஒழுங்காக வர முடியாது. பெரியவர்களைப் பார்த்துக்கொண்டிருந்த கைகளைத்தான் ஆலைகள் வேலைக்கு எடுத்துக்கொண்டன. அந்தக் கைகள் விட்டுவந்த வேலையின் செலவிலும் பொறுப்பிலும் ஆலைகளுக்குப் பங்கு இருக்கிறது.

1990-களின் கடைசியில் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தியைத் தொடங்கியபோது இந்தப் பகுதி ஏரிப்பாசனத்தை நம்பிய நெல் வயல்கள் நிறைந்த நாடு. 2006-இல் ஸ்ரீபெரும்புதூருக்கு நோக்கியா வந்து, 2014-இல் மூடிவிட்டும் போனது. இடையில் சாம்சங் வந்தது, ஃபாக்ஸ்கான் வந்தது. ஒரகடம் பக்கத்தில் 2010-இல் ரெனோ-நிசான், 2012-இல் டைம்லர், 2013-இல் ராயல் என்ஃபீல்டு. கார் ஆலைகள் முதலில் பையன்களைக் கூட்டிக்கொண்டு போயின. மின்னணு ஆலைகள் பெண்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயின. பெண்களை இரவில் வேலைக்கு அமர்த்தத் தடை போட்டிருந்த தொழிற்சாலைகள் சட்டப் பிரிவைச் சென்னை உயர் நீதிமன்றம் 2000 டிசம்பரில் செல்லாது என்று அறிவித்திருந்தது. சம உரிமை நோக்கில் அது சரியான தீர்ப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பெண் இரவு ஷிஃப்டுக்குப் போன பிறகு வீட்டில் யார் இருப்பார் என்ற கேள்வி நீதிமன்றத்தின் முன் இல்லை. அதைக் கேட்டிருக்க வேண்டிய அரசும் ஆலைகளும் கேட்கவில்லை.

வல்லம் வடகாலில் 2024 ஆகஸ்ட் 17 அன்று முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஒரு பெரிய விடுதியைத் திறந்துவைத்தார். 706.50 கோடி ரூபாயில் மாநில அரசு நிறுவனமான சிப்காட் கட்டியது. ஃபாக்ஸ்கானில் வேலை செய்யும் பெண்கள் 18,720 பேர் தங்கலாம். 2021 டிசம்பரில், தங்கியிருந்த இடத்தில் கெட்ட சாப்பாட்டால் உடம்புக்கு முடியாமல் போய் நூற்றுக்கணக்கான பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்ததை நினைத்துப் பார்த்தால், அரசு இதைக் கட்டியது எவ்வளவு அவசியம் என்பது புரியும். தொழிலாளி எங்கே தூங்குவார் என்பது ஆலையின் பிரச்சினைதான் என்று அரசும் கம்பெனியும் ஒப்புக்கொண்டதன் அடையாளம் அந்தக் கட்டடம். அவ்வளவு தூரம் வந்தவர்களுக்கு இன்னும் ஓரடி வைப்பது கஷ்டமாக இருக்கக் கூடாது. அங்குள்ள ஒவ்வொரு கட்டிலுக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் வயதாகிக்கொண்டிருக்கும் அப்பாவும் அம்மாவும் இருக்கிறார்கள்.

குடும்பப் பொறுப்பு என்றாலே ஆலைகளுக்கு ஒரு கூச்சம் இருக்கிறது. 2024 ஜூனில் ராய்ட்டர்ஸ் வெளியிட்ட செய்தி நினைவிருக்கலாம். ஐபோன் பொருத்தும் வேலைக்குத் திருமணமான பெண்களை எடுக்காமல் ஒதுக்குகிறார்கள், வீட்டுப் பொறுப்புகளை அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள் என்றது அந்தச் செய்தி. பாகுபாடு காட்டுவதில்லை என்று ஃபாக்ஸ்கான் மறுத்தது. மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அந்தச் சர்ச்சையில் தீர்ப்புச் சொல்வது இங்கே என் வேலை இல்லை. ஆனால் வீட்டில் ஒரு மாமியார் படுத்திருக்கிறார் என்பது ஒரு பெண்ணின் தகுதிக் குறைவாகப் பார்க்கப்படலாம் என்ற பயம் அந்தச் செய்திக்கு முன்பே இருந்தது, இன்னும் இருக்கிறது. அதனால்தான் நேர்முகத்தில் யாரும் அதைச் சொல்வதில்லை. சொல்லாததால் கம்பெனியின் கணக்கிலும் அது ஏறுவதில்லை.

இனி ஆள் கிடைப்பதைப் பார்ப்போம். இந்தப் பகுதிக்கென்றே உள்ள முடிச்சு அங்கேதான் இருக்கிறது. வீட்டோடு இருந்து பெரியவர்களைப் பார்க்கும் வேலைக்கு வழக்கமாக வருபவர்கள் நாற்பதைத் தொட்ட, பிள்ளைகளைக் கரையேற்றிய, கைவேலைக்கு அஞ்சாத பெண்கள். மற்ற ஊர்களில் அவர்களுக்கு நூறு நாள் வேலை, வயல் வேலை, வீட்டு வேலை என்று இருக்கும். ஒரகடம் பக்கத்தில் அதே பெண்களை ஹவுஸ்கீப்பிங், கேன்டீன், பேக்கிங் என்று கான்ட்ராக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். வண்டி வாசலுக்கு வருகிறது, ஒருவேளைச் சாப்பாடு கிடைக்கிறது, எட்டு மணி நேரம் முடிந்தால் கை கழுவிவிட்டு வந்துவிடலாம், பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடிக்கிறார்கள். இன்னொரு பக்கம், ஒரு கிழவரைத் தூக்கி உட்காரவைத்து, மலஜலம் எடுத்து, ராத்திரி மூன்று தடவை எழுந்து, மூலையில் பாய் விரித்துப் படுக்கும் வேலை. எது என்று கேட்டால் யார் இரண்டாவதைச் சொல்வார்கள்? ஆகவே ஏஜென்சிகள் தூரத்து மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் ஆள் கொண்டுவருகின்றன. சென்னையை ஒட்டிய சந்தையில் முழுநேர ஆளுக்கு மாதம் 20,000 ரூபாயைத் தாண்டிவிடுகிறது, சாப்பாடு தனி. கான்ட்ராக்ட்டில் வேலை பார்க்கும் ஒருவரின் மொத்தச் சம்பளமே அங்கே போய்விடும். அப்போது குடும்பம் போடும் கணக்கு ஒன்றுதான்: யாராவது ஒருவர் வேலையை விட வேண்டும். அது யார் என்று சொல்லத் தேவையில்லை.

'பார்த்துக்கொள்வது' என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோனவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தவறினால் முதுகுத்தண்டின் கீழும் குதிகாலிலும் தோல் சிவந்து படுக்கைப்புண் ஆரம்பிக்கும். ஆரம்பிக்கச் சில மணி நேரம் போதும், ஆற மாதங்கள் ஆகும். மூக்கு வழியாக டியூப் போட்டிருந்தால் தலைப்பக்கம் உயர்த்திவைத்துத்தான் கஞ்சி ஊற்ற வேண்டும். படுத்தபடியே ஊற்றினால் நுரையீரலுக்குள் போய்விடும். கதீட்டர் பையைச் சிறுநீர்ப்பை மட்டத்துக்குக் கீழே தொங்கவிட வேண்டும். ஞாபக மறதி முற்றிய பெரியவர் என்றால் ராத்திரி வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் வேண்டும். நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் நிற்காமல் ஓடும் ஊர் இது. இவை எதுவும் அதிசய வித்தை இல்லை. கற்றுக்கொடுத்தால் யாருக்கும் வரும். கற்றுக்கொடுப்பதற்குத்தான் இடம் இல்லை. டிஸ்சார்ஜ் ஆகும் நாளன்று, பில் கட்ட ஒருவர் ஓட, ஆட்டோவுக்கு ஒருவர் ஓட, கட்டில் பக்கத்தில் நிற்கும் மருமகளுக்கு நர்ஸ் ஐந்து நிமிடத்தில் சொல்லிக்கொடுப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் முழுப் பயிற்சி.

ஆள் அமர்த்துபவர்கள் கேட்க மறக்கும் சில விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். நர்ஸ் என்று சொல்லி வருபவர் தமிழ்நாடு செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் குழுமத்தில் பதிவு செய்தவரா என்று பார்க்கலாம். பதிவு எண் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. 'அட்டெண்டர்' என்று வருபவருக்கு அப்படிப் பதிவு எதுவும் கிடையாது. அவர் ஊசி போடக் கூடாது, டியூப் மாற்றக் கூடாது. அவர் லீவு போட்டால் மாற்று ஆள் எத்தனை மணி நேரத்தில் வருவார் என்பதை ஏஜென்சியிடம் எழுத்தில் வாங்குங்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் அந்தப் பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்றும் கேளுங்கள். பல இடங்களில் பதில் சொல்ல மாட்டார்கள். சொல்லாதவர்களிடம் ஆள் அடிக்கடி மாறுவதில் ஆச்சரியம் இல்லை. இரவில் அவர் தொடர்ச்சியாகச் சில மணி நேரம் தூங்க வழி செய்யாத வீட்டில், மூன்றாம் வாரத்தில் ஆளும் இருக்க மாட்டார், இருந்தாலும் பெரியவருக்குப் பாதுகாப்பும் இருக்காது.

இந்த ஏஜென்சிகளை ஒழுங்குபடுத்த ஒரு சட்டம் வருவதாக இருந்தது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-க்கு ஒரு திருத்த மசோதா 2019 டிசம்பரில் மக்களவையில் அறிமுகமானது. வீட்டுக்கே வந்து முதியோரைப் பராமரிக்கும் நிறுவனங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்றது. ஜீவனாம்சத்துக்கு இருந்த 10,000 ரூபாய் உச்சவரம்பை எடுக்கச் சொன்னது. மருமகன், மருமகளையும் பொறுப்புக்குள் கொண்டுவந்தது. நிறைவேறாமலே அந்த மக்களவையின் ஆயுளோடு 2024-இல் காலாவதியாகிவிட்டது. பராமரிக்கும் பெண்ணுக்கும் நிலைமை அதே. தமிழ்நாட்டில் வீட்டுப் பணியாளர் நல வாரியம் 2007 முதல் இருக்கிறது. ஆனால் 'நான் வீட்டு வேலைக்காரி இல்லை' என்று அட்டெண்டர் நினைக்கிறார். 'நீ நர்ஸ் இல்லை' என்று மருத்துவத் துறை சொல்கிறது. இரண்டுக்கும் நடுவில் அவர் நிற்கிறார்.

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று எழுதினால் அது பொய். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' இந்திய அளவில் பெரிய காரியம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை வீட்டுக்கு வருகிறது. வட்டாரத்துக்கு ஒரு பிசியோதெரபிஸ்ட், ஒரு நோய்த்தணிப்புச் செவிலியர் என்று வண்டியில் வருகிறார்கள். 2024-இல் ஐ.நா. விருதும் கிடைத்தது. 2025 ஆகஸ்டில் தொடங்கிய 'தாயுமானவர்' திட்டத்தில் முதியவர்களின் வீட்டுக்கே ரேஷன் பொருள் போகிறது. இவற்றின் பலனைப் போகும் ஊரெல்லாம் பார்க்கலாம். எல்லையையும் பார்க்கலாம். தன்னார்வலர் வருகிறார், பிரஷர் பார்க்கிறார், மாத்திரை கொடுக்கிறார், அடுத்த வீட்டுக்குப் போகிறார். செவிலியர் ஒருவருக்கு ஒரு வட்டாரமே பொறுப்பு. காலை பத்து மணிக்கு வந்து புண்ணுக்கு மருந்து கட்டிவிட்டுப் போனால், பன்னிரண்டு மணிக்குப் புரட்டிப் படுக்கவைக்க யார்? திட்டம் நோயைத் தேடி வருகிறது. நோய்க்கு வெளியே இருக்கும் இருபத்து மூன்று மணி நேரம் குடும்பத்தின் கணக்கிலேயே கிடக்கிறது.

பணத்தின் கதையும் இப்படித்தான். முதியோர் உதவித்தொகை 2023-இல் 1,200 ரூபாயாக உயர்ந்தது. அதில் அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையிலானவர்களுக்கு மத்திய அரசின் பங்கு, பல ஆண்டுகளாக அசையாமல் இருந்த 200 ரூபாய். 2024 அக்டோபரிலிருந்து எழுபது வயதைத் தாண்டிய எல்லோருக்கும் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை காப்பீடு உண்டு. ஆஸ்பத்திரியில் அட்மிட் ஆனால்தான் அது பேசும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஐந்து லட்சம், அதே ஆள் வீட்டுக் கட்டிலுக்கு வந்தால் ஆயிரத்து இருநூறு. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் டாக்டர் வி.எஸ்.நடராஜன் 1978-லேயே முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். கிண்டியில் 2024 பிப்ரவரியில் 200 படுக்கைகளோடு முதியோருக்கான தேசிய மருத்துவமனை திறக்கப்பட்டது. மருத்துவத்தில் தமிழ்நாடு முன்னோடிதான். முதியவர் வாழ்வது என்னவோ வீட்டில்.

இந்த ஊர்களில் முதியோர் பராமரிப்பைப் பேசும்போது நிலத்தைப் பேசாமல் முடியாது. சிப்காட்டுக்கு நிலம் கொடுத்தவர்களின் தலைமுறை இப்போது எழுபதிலும் எண்பதிலும் இருக்கிறது. இழப்பீட்டுப் பணம் மாடி வீடாகவும் மகள் கல்யாணமாகவும் லைன் வீடாகவும் மாறியது. மாத்தூர், வல்லம் பக்கம் போனால் வரிசையாகப் பத்துப் பன்னிரண்டு அறைகள், ஒவ்வொன்றிலும் நாலைந்து பையன்கள், முன்பக்கத்து அறையில் வீட்டுக்கார ஆயா. வாடகை ஆயாவுக்கு மாத்திரைச் செலவைக் கட்டுகிறது. ராத்திரி நெஞ்சு வலித்தால் 108-க்கு போன் செய்வது ஒடிசாவிலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்த வாடகைப் பையன். எந்தத் திட்டத்திலும் இல்லாத பராமரிப்பு இது. கூலி வேலை செய்து பிழைத்த, கொடுக்க நிலமே இல்லாத குடும்பங்களின் பெரியவர்களுக்கு அந்த வாடகையும் இல்லை, அந்தப் பையனும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சொத்தைப் பிள்ளைகள் பெயருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்களுக்கு 2007 சட்டத்தின் 23-ஆம் பிரிவு இருக்கிறது. பார்த்துக்கொள்வார்கள் என்ற நிபந்தனையில் எழுதிக் கொடுத்து, பார்த்துக்கொள்ளாவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யத் தீர்ப்பாயத்தை அணுகலாம். தீர்ப்பாயம் என்றால் வேறெங்கும் அலைய வேண்டாம், கோட்டாட்சியர் அலுவலகம்தான். 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இந்தச் சட்டத்தை முதியோருக்குச் சாதகமாக, தாராளமாகப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. இருந்தாலும் பத்திரத்திலேயே பராமரிப்பு நிபந்தனையைத் தெளிவாக எழுதிவிடுவது நல்லது. இந்தச் சட்டத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அதன் கற்பனையில் ஒரு கெட்ட மகன் இருக்கிறான். இங்கே பெரும்பாலும் கெட்ட மகன் இல்லை, 'பி' ஷிஃப்டில் இருக்கும் மகன்தான் இருக்கிறான். தீர்ப்பாயம் வீட்டை மீட்டுக் கொடுக்கும். புரட்டிப் படுக்கவைக்க ஒரு கையை அதனால் கொடுக்க முடியாது.

இந்த வழித்தடத்தில் ஆலை வைத்திருப்பவர்கள் எந்தெந்த நாட்டுக்காரர்கள் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கு ஆற்றாமைதான் வருகிறது. முதியோர் பராமரிப்புக்கென்று தனிச் சமூகக் காப்பீட்டை உருவாக்கிய நாடுகளின் பட்டியலும் ஸ்ரீபெரும்புதூரின் கம்பெனிப் பலகைகளும் ஏறக்குறைய ஒன்று. ஜெர்மனி 1995-இல் தொடங்கியது. ஜப்பான் 2000 ஏப்ரலில். அங்கே நாற்பது வயதானவர் எல்லோரும் சந்தா கட்டுகிறார்கள். தென் கொரியா 2008 ஜூலையில் தொடங்கியது. தொழிலாளியின் சந்தாவில் பாதியை முதலாளி கட்டுகிறார். பயிற்சியும் சான்றிதழும் பெற்ற பராமரிப்பாளர் வீட்டுக்கு வருகிறார். வீட்டுச் சேவைக்கான செலவில் பொதுவாக 15 சதவீதத்தைத்தான் குடும்பம் கொடுக்கிறது. லீவும் சட்டத்திலேயே உண்டு. ஜப்பானில் பராமரிக்க வேண்டிய ஒவ்வொரு உறவினருக்கும் 93 நாள் வரை எடுக்கலாம், அதற்கு வேலைவாய்ப்புக் காப்பீட்டிலிருந்து சம்பளத்தில் ஒரு பகுதி வரும். கொரியாவில் ஆண்டுக்கு 90 நாள் வரை. ஜெர்மனியில் ஆறு மாதம் வரை சம்பளமில்லா விடுப்பு. சியோலில் தாயைப் பார்த்துக்கொள்ள ஒருவருக்கு லீவு கொடுக்கக் கடமைப்பட்ட முதலாளி, இருங்காட்டுக்கோட்டையில் அப்படிக் கடமைப்படவில்லை. குற்றம் கம்பெனியுடையது மட்டும் இல்லை. கேட்க நமக்குச் சட்டம் இல்லை. கேட்கத் தோன்றவும் இல்லை.

'அவர்கள் பணக்கார நாடு, நமக்குக் குடும்ப அமைப்பு இருக்கிறது' என்று உடனே ஒரு பதில் வரும். 2011-இல் தமிழ்நாட்டில் அறுபதைக் கடந்தவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர். மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு மதிப்பீட்டின்படி 2031-இல் அது பதினெட்டைத் தாண்டும். ஒரு பிள்ளை, இரண்டு பிள்ளை என்று நிறுத்திக்கொண்ட தலைமுறைதான் அந்தப் பதினெட்டுப் பேர். குடும்ப அமைப்பு என்று நாம் பெருமையாகச் சொல்வதன் உள்ளே இருந்தது சம்பளம் வாங்காத ஒரு பெண். அவர் இப்போது கம்பெனி பஸ்ஸில் இருக்கிறார். அவரை இறக்கிவிட்டுத்தான் பண்பாட்டைக் காப்பாற்ற முடியும் என்றால் அந்தப் பண்பாட்டுக்காக நான் வாதாடத் தயாராக இல்லை.

இங்கே செய்யக்கூடியவற்றில் உடனடியாக முடிவது ஷிஃப்ட். வீட்டில் படுக்கையில் பெற்றோரோ மாமியார், மாமனாரோ இருக்கிறார் என்று மருத்துவச் சான்று காட்டும் தொழிலாளிக்கு மூன்று மாதமாவது ஒரே ஷிஃப்டைக் கொடுக்கலாம். கணவனும் மனைவியும் வெவ்வேறு ஆலையில் இருந்தாலும், ஒருவருடைய ஷிஃப்ட் நிலையாக இருந்தால் மற்றதைச் சுற்றி வீட்டை ஓட்டிவிடுவார்கள். ஆள் பிடிப்பதும் சுலபமாகும். இதற்குச் சட்டத் திருத்தம் தேவையில்லை. தொழிற்சங்கங்கள் சம்பள ஒப்பந்தப் பேச்சில் பெற்றோருக்கான மருத்துவக் காப்பீட்டைக் கேட்கத் தெரிந்தவைதான். இதையும் ஒரு வரியாகச் சேர்க்கலாம். கான்ட்ராக்ட் தொழிலாளிக்கும் இது பொருந்தும் என்று அதே வரியில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் நிரந்தரத் தொழிலாளிக்கு மட்டும் கிடைக்கும் இன்னொரு சலுகையாக முடிந்துவிடும்.

அடுத்தது பகல் நேரக் காப்பகம். 2025-26 பட்ஜெட்டில் 25 'அன்புச்சோலை' மையங்களை மாநில அரசு அறிவித்தது, அந்த ஆண்டு நவம்பரில் திருச்சியில் தொடக்க விழாவும் நடந்தது. யோசனை நல்ல யோசனை. ஆனால் அலுவலக நேரத்தை மனதில் வைத்து நடத்தினால் ஆலைப் பகுதிக்கு உதவாது. முதல் ஷிஃப்ட் பஸ் கிளம்புவதற்கு முன்பு திறந்து, இரண்டாம் ஷிஃப்ட் ஆள் வீடு வந்த பிறகு மூடும் மையம் ஒரகடத்துக்கும் சுங்குவார்சத்திரத்துக்கும் வேண்டும். தடி ஊன்றியாவது நடமாடும் பெரியவர்களுக்கு இது போதும். கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவின்படி சமூகப் பொறுப்பு நிதியை எவற்றுக்குச் செலவிடலாம் என்று சொல்லும் ஏழாம் அட்டவணையில் முதியோர் இல்லம், முதியோர் பகல் காப்பகம் என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறது. பள்ளிக்கூடச் சுவருக்குப் பெயின்ட் அடித்துப் படம் எடுத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை, எல்லாப் பணமும் அங்கேயே போக வேண்டியதில்லை. 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம், முப்பது பெண்களுக்கு மேல் வேலை செய்யும் ஆலையில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது. தொழிலாளியின் பிள்ளைக்கு அன்று கிடைத்த அங்கீகாரம் தொழிலாளியின் தாய்க்கு இன்னும் கிடைக்கவில்லை.

படுக்கையாகிவிட்டவர்களுக்குக் காப்பகம் உதவாது, வீட்டுக்கு ஆள்தான் வர வேண்டும். கேரளத்திடம் கற்க நிறைய இருக்கிறது. கோழிக்கோட்டில் 1993-இல் சில மருத்துவர்கள் தொடங்கிய நோய்த்தணிப்பு இயக்கம், அக்கம்பக்கத்துத் தன்னார்வலர் வலைப்பின்னலாக வளர்ந்து, 2008-இல் மாநிலக் கொள்கையாகி, இன்று உள்ளாட்சிகளின் பொறுப்பில் வீடு வீடாகப் போகிறது. குடும்பஸ்ரீ அமைப்பு பயிற்சி பெற்ற பராமரிப்பாளர்களைக் கட்டணத்துக்கு அனுப்பவும் தொடங்கியிருக்கிறது. நம் மகளிர் சுய உதவிக் குழுக்களால் முடியாத காரியம் அல்ல இது. ஒரே நிபந்தனை, கூலி. கேன்டீன் கான்ட்ராக்டில் கிடைக்கும் சம்பளமும் பி.எஃப்.பும் எட்டு மணி நேரமும் இதிலும் கிடைத்தால்தான் அந்த நாற்பது வயதுப் பெண் வருவார். சேவை, புண்ணியம் என்று பேசி ஊக்கத்தொகையில் முடிக்கப் பார்த்தால் வர மாட்டார். வராமலிருப்பது அவர் உரிமை.

அந்தக் கூலியில் ஒரு பங்கை ஈ.எஸ்.ஐ. ஏற்க முடியும் என்பது என் நம்பிக்கை. தொழிலாளியிடம் சம்பளத்தில் 0.75 சதவீதமும் முதலாளியிடம் 3.25 சதவீதமும் பிடித்துச் சேரும் நிதி அது. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருப்பவர்கள், அதாவது இந்த வழித்தடத்தின் கான்ட்ராக்ட் தொழிலாளர்களில் மிகப் பலர், அதில் இருக்கிறார்கள். மாத வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டாத, தொழிலாளியை நம்பி வாழும் பெற்றோருக்கும் அதில் வைத்தியம் உண்டு. (லைன் வீட்டு வாடகை வரும் ஆயாக்கள் இந்த வரம்பிலேயே வெளியேறிவிடுகிறார்கள், வரம்பை உயர்த்த வேண்டும்.) 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பெண் ஊழியரின் மாமனார், மாமியாரையும் குடும்பம் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. யார் குடும்பம் என்று சட்டம் ஒப்புக்கொண்ட பிறகு, அந்தக் குடும்பத்துக்கு ஆஸ்பத்திரிக்கு வெளியே வாரத்துக்கு இத்தனை மணி நேரம் பயிற்சி பெற்ற ஆள் என்று சேர்ப்பது கொள்கையில் பெரிய தாவல் இல்லை. ஒரு வட்டாரத்தில் சோதித்துப் பார்க்க ஸ்ரீபெரும்புதூரைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

யாருக்கு உதவி வேண்டும் என்று புதிதாகக் கணக்கெடுக்கவும் வேண்டாம். மாத்திரை கொடுக்கும் திட்டத்திடம் படுக்கையில் இருப்பவர்களின் பதிவு இருக்கிறது. ரேஷன் கொண்டுபோகும் திட்டத்திடம் முதியவர்களின் பட்டியல் இருக்கிறது. இரண்டும் வெவ்வேறு துறையின் கணினிகளில் கிடக்கின்றன. பெயர்களை வெளியே விடாமல் எண்ணிக்கையை மட்டும் ஊராட்சி வாரியாகக் கேட்டு வாங்கினால், எத்தனை பராமரிப்பாளர்கள், எந்தெந்த நேரத்துக்கு வேண்டும் என்பது தெரிந்துவிடும். அந்தக் கணக்கோடு அக்டோபர் 2 கிராம சபையில் ஒரு தீர்மானமும், பக்கத்து ஆலையின் சமூகப் பொறுப்பு நிதிக் குழுவுக்கு ஒரு கடிதமும் எழுதலாம். சாலைக்கும் குளத்துக்கும் அப்படித்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.